புதன்கிழமைப் பட்டை

புதன்கிழமை என்றால் சாயக்காரர் சவரம் செய்துகொள்வார். மற்ற ஆறு நாளும் தாடையில் வெள்ளை முள் முளைத்துக் கிடக்கும். ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் போன மழைக்காலத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சவரம் முடிந்ததும் துவைத்த சட்டை. அப்புறம் மனைவியின் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் இருக்கும் தூசியை, இருக்கிறதோ இல்லையோ, ஒரு தட்டுத் தட்டுவார். இவ்வளவும் நர்ஸம்மாவுக்காக.

நர்ஸம்மா அரசாங்க சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். நாற்பது தாண்டியவள். தோளில் நீலப் பை, காலில் ரப்பர் செருப்பு. நடமாட முடியாதவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்ப்பாள். சாயக்காரர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது மனைவி போன ரெண்டாம் மாதம். மாத்திரையை மறந்து, ரொட்டியும் ஜாமுமாக மூன்று வேளையும் ஓட்டியதில், மாடிப்படி அடியில் மயங்கி விழுந்து கிடந்தார். மேல்வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். சர்க்கரை தலைக்கு மேல் ஏறியிருந்தது.

முதல் நாள் வந்தபோது அவள் பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுத்து, மேலே எரிந்த மஞ்சள் பல்பை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தாள். "இந்த வெளிச்சத்துல எல்லாமே ஒரே மஞ்சளாத்தான் தெரியும். ஜன்னல் எங்க இருக்கு?"

அந்த ஒரு கேள்வியில் சாயக்காரருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முப்பத்தைந்து வருஷம் சாயப் பட்டறையில் தொட்டிக்குத் தொட்டி நூல் முக்கி எடுத்தவர். அங்கேயும் அதே சட்டம்தான். பல்பு வெளிச்சத்தில் எவனாவது சாம்பிள் துணியைப் பிடித்து நிறம் பார்த்தால் மேஸ்திரி தோலை உரித்துவிடுவார்.

பட்டை என்பது விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு சங்கதிக்கு. நனைத்ததும் நிறம் மாறும். மாறிய நிறத்தைப் பாட்டில்மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமாதிரி தெரிந்துவிடும். சர்க்கரைக் கட்டம் அரை நிமிஷத்தில் பேசிவிடும். ரத்தக் கட்டத்துக்கு ஒரு நிமிஷம். ஓரத்தில் இருக்கும் கடைசிக் கட்டம்தான் சோம்பேறி. அதற்கு முழுசாக ரெண்டு நிமிஷம் வேண்டும்.

அந்தச் சோம்பேறிக் கட்டத்தின் புண்ணியத்தில்தான் நர்ஸம்மா நாற்காலியில் உட்காருவாள்.

"என்னம்மா இன்னைக்கு இப்படி வேர்த்து வந்திருக்கே?"

"இதுக்கு முன்னாடி போன வீட்டுக் கிழவி கட்டுப் போட விடமாட்டேங்குது ஐயா. கையைக் கடிக்க வருது."

"பல்லு இருக்கா அதுக்கு?"

"செட்டுப் பல்லு. அதைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, 'இப்ப கட்டுடி'ங்குது."

சாயக்காரர் சிரிப்பார். சிரித்துச் சிரித்து இருமுவார். ரெண்டு நிமிஷம் ஓடிவிடும். அவள் பட்டையைக் குப்பைப் பையில் போட்டு, கையைக் கழுவி, பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை அவர் ஜன்னலில் நிற்பார். அதற்கப்புறம் அடுத்த புதன்கிழமை வரைக்கும் வீட்டில் குழாய்தான் பேசும், சொட்டுச் சொட்டாக.

மகன் இருக்கிறான். தூரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "என்னப்பா, சுகர் எப்படி?" "இருக்குப்பா." "மாத்திரை?" "போடறேன்." "சரி, வெச்சிடறேன்." ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். பேசக்கூடாது என்றில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தவள் அவன் அம்மாதான். இவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகவே இல்லை.

பட்டறையை விட்ட பிறகும் கை சும்மா இருக்காது என்று, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் வெளிறிய கால்சட்டை, பனியன்களுக்கு வாளியில் சாயம் ஏற்றிக் கொடுப்பார். கொடுத்தவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார்கள். "உள்ள வாங்களேன்" என்பார். "இருக்கட்டும், அடுப்புல வெச்சுட்டு வந்தேன்" என்பார்கள். ஊர் முழுக்க எந்நேரமும் அடுப்பில் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

ஒரு புதன்கிழமை நர்ஸம்மா பட்டையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

"நல்ல சேதி ஐயா. இதோட அஞ்சாவது தடவை. சர்க்கரைக் கட்டம் போட்டது போட்டபடி அப்படியே நீலப்பச்சையா இருக்கு. விரல்ல குத்திப் பார்த்ததும் நார்மல். இன்னும் ஒரு தடவை பாத்துட்டு உங்க பேரை எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னார்."

"எதுலருந்து எடுக்கிறது?"

"வீட்டுக்கு வந்து பார்க்கிற பட்டியல்லருந்து. இனிமே நீங்களே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனாப் போதும். என்ன ஐயா, சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா முகம் தொங்குது?"

"சந்தோஷம்தாம்மா" என்றார் சாயக்காரர். "கடைசிக் கட்டம் இன்னும் ஆகலையே, உக்காரு."

அடுத்த புதன்கிழமைக்குள் அவருக்கு ஒரு யோசனை முளைத்துவிட்டது. சாயம் ஏறாத நூலுக்கு உப்புப் போடுவது பட்டறை வழக்கம். ஏறாத பட்டைக்கு?

குளியலறைக்குள் சிறுநீர்க் குப்பியில் ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷின் அடியால் கலக்கினார். திருட்டுத்தனம் செய்கிற பையன்போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

நர்ஸம்மா பட்டையை நனைத்தாள். அரை நிமிஷம் ஆயிற்று. அதே நீலப்பச்சை. நிழல்கூட மாறவில்லை.

"என்னம்மா, ஷேடு ஏறலையா?"

"ஏறலை. நல்லதுதானே? அட, இது என்ன ஐயா..." அவள் மேஜையைக் குனிந்து பார்த்தாள். குப்பியின் விளிம்பில் வழிந்திருந்த துளியைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. "எறும்பு ஒண்ணு சொல்லுது, பட்டை வேறொண்ணு சொல்லுதே!"

"பட்டை கெட்டுப்போயிருக்குமோ?"

"புதுப் பாட்டில். மேஜைமேல ஜாம் சிந்தியிருப்பீங்க." அவள் எறும்புகளை ஊதிவிட்டாள். "இந்தப் பட்டை விசித்திரமானது ஐயா. நாம காபியில போடறோமே, அந்தச் சர்க்கரையைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அசையாது. குளுக்கோஸ் ஒண்ணுக்குத்தான் நிறம் மாறும்."

"அப்படியா!" என்றார் சாயக்காரர். "குளுக்கோஸ்னா, கடையில டப்பாவுல விக்குதே, அதுவா?"

"அதேதான். ஆனா அதை வாங்கிக் குடிச்சுடாதீங்க, அப்புறம் பழையபடி மயங்கி விழுவீங்க." தலையைச் சொறிந்தாள். "எறும்பு மொய்ச்சது எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. எதுக்கும் இன்னும் ஒரு வாரம் பார்த்துடறேன்."

ஒரு வாரம்! அவருக்கு அது போதும்.

மருந்துக்கடைக்காரர் குளுக்கோஸ் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது கண்ணைச் சுருக்கினார். "உங்களுக்குச் சுகர் இருக்கே? இது யாருக்கு?"

"விருந்தாளிக்கு."

"உங்க வீட்டுக்கா?" கடைக்காரர் சிரித்தார். "அப்ப இதை எடுத்துக்குங்க. வைட்டமின் சி சேர்த்தது. விருந்தாளி தெம்பா இருப்பாங்க."

அந்தப் புதன்கிழமை பட்டையின் சர்க்கரைக் கட்டம் நீலப்பச்சையிலிருந்து பாசிப் பச்சைக்குப் போய், அங்கிருந்து கண்ணெதிரே கரும்பழுப்புக்கு ஏறியது. இவ்வளவு அடர்த்தியாக, இவ்வளவு சீராக ஒரு நிறம் ஏறி அவர் பார்த்தே வெகுநாள் ஆகிவிட்டது. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

நர்ஸம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஐயா! என்ன சாப்பிட்டீங்க? தலை சுத்துதா? தண்ணி தவிக்குதா?" அவசரமாக விரலைப் பிடித்துக் குத்தினாள். மீட்டரில் வந்தது நார்மல். மறுபடி குத்தினாள். நார்மல்தான்.

"ரத்தத்துல இல்ல, மூத்திரத்துல மட்டும் கொட்டுது. என்ன கூத்து இது?"

டாக்டர் அவளிடம், சிலருக்குச் சிறுநீரகமே சர்க்கரையைக் கசியவிடும், பயமில்லை, ஆனால் வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டார். அவள் அதை வந்து சொன்னபோது சாயக்காரர் கவலைப்படுகிறவர்போல முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடுபட்டார்.

மழை பிடித்துக்கொண்ட அந்த மாதங்கள்தான் அவருக்கு வசந்தமாயிற்று. செவ்வாய் ராத்திரியே ஒரு காகிதத்தில் குளுக்கோஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். நர்ஸம்மா நனைந்த குடையை வாசலில் விரித்து வைப்பாள். முன்னைவிட அதிக நேரம் இருந்தாள். கால் பார்த்தாள், கண் பார்த்தாள், என்ன சாப்பிட்டீர்கள் என்று வேளைவாரியாகக் கேட்டாள். தன் புருஷன் குறட்டை விடுவதைச் சொன்னாள். மகள் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்பதைச் சொன்னாள். மகனும் வாரத்தில் ரெண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தான். "சுகர் கசியுதாமே? இன்னைக்கு எப்படிப்பா இருக்கு?" என்றான். 'இன்னைக்கு' என்று அவன் கேட்டது அவர் காதில் ரொம்ப நேரம் இருந்தது.

கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவள் வியர்க்க விறுவிறுக்க வந்து, கரும்பழுப்பைப் பார்த்து உதட்டைக் கடிக்கும்போது, சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விழுங்கிவிடுவார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வாளியில் யாருடைய கால்சட்டையோ கறுப்புச் சாயத்தில் ஊறிக்கொண்டிருந்தது. சாயக்காரர் முழங்கைவரை கறுப்பாக, அஞ்சு நாள் தாடியோடு, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"புதன்கிழமை எங்களுக்கு மீட்டிங் ஐயா. அதான் இன்னைக்கே வந்துட்டேன். இது என்ன கோலம், கரி அள்ளப் போனீங்களா?"

"இன்னைக்கு வேணாம்மா. வராது. இப்பத்தான் போனேன்."

"பரவால்ல, தண்ணி குடிங்க. எனக்கும் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

எந்த நாளும் கேட்கக் கிடைக்காத வார்த்தை, அதைச் சந்தோஷமாகக் கேட்க முடியவில்லை. டப்பா சமையலறை அலமாரியில். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தால் அவளும் கூடவே வந்தாள். சமையலறைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்று, மகளின் தலைமுடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ரெண்டு டம்ளர் தண்ணீருக்கு அப்புறம் அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. குளியலறைக்குள் போய்ச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். வேலை செய்யும்போது போடுகிற பனியனில் பை ஏது? இருப்பதை இருந்தபடி பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

நர்ஸம்மா பட்டையை நனைத்தாள். ஓரத்தைக் காகிதத்தில் ஒற்றினாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அவர் சுவரோரம் நின்றார்.

அரை நிமிஷம் ஆகியிருக்கும். சர்க்கரைக் கட்டம் நீலப்பச்சை. அசையவே இல்லை. அவள் முகம் மாறியது. பட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

சாயக்காரரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"திட்டிடும்மா" என்றார். "நான்தான் பண்ணேன். குளுக்கோஸ் வாங்கிக் கலந்தேன். முதல்ல சர்க்கரை போட்டேன், அது பலிக்கலை. நீதான் சொன்னே, குளுக்கோஸுக்குத்தான் மாறும்னு. பேரை எடுத்துடுவேன்னு சொன்னியா, எனக்குக் கை கால் ஓடலை..."

"ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க."

"டாக்டர்கிட்ட நானே வந்து சொல்லிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும்..."

"சும்மா இருங்கன்னு சொல்றேன்ல!"

அவள் இன்னொரு பட்டையை எடுத்தாள். நனைத்தாள். பிடித்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார்: அவள் பார்த்துக்கொண்டிருந்தது சர்க்கரைக் கட்டத்தை அல்ல. அதற்குத் தள்ளி இன்னொரு கட்டம். எப்போதும் மஞ்சளாக இருக்கும் அதில், வெள்ளைத் துணியில் சாயத் துளி தெறித்ததுபோலப் பச்சைப் புள்ளிகள் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கட்டம் முழுக்க அடர்ந்துகொண்டிருந்தன.

"அது எதுக்கான கட்டம்மா?"

"ரத்தம்."

"எனக்கு ரத்தமெல்லாம் போகலையே. வலியும் கிடையாது."

"கண்ணுக்குத் தெரியாது. இதுக்குத்தான் தெரியும்." அவள் நிமிர்ந்தாள். "அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க."

அவர் கொண்டுவந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் விரல் நின்றது.

"வைட்டமின் சி." டப்பாவை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "இது இருந்தா ரத்தக் கட்டம் சரியா நிறம் மாறாது ஐயா. எத்தனை வாரமா ரத்தம் இருந்து, இந்தப் பொடி மறைச்சுதோ, யாருக்குத் தெரியும்? நானும் அந்தப் பழுப்பைப் பார்த்துப் பார்த்தே மத்ததை விட்டுட்டேன்."

தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். வாளியில் சாயம் ஆறிக்கொண்டிருந்தது.

"பட்டறையில எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்தேன். அவ சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி விட்டேன்."

"கைக்கு உறை போட்டுக்குவீங்களா?"

சாயக்காரர் சிரித்தார். "உறை போட்டா நூல் சொல்றது கைக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. அவர் கறுப்பேறிய தன் கையைப் பார்த்துக்கொண்டார், பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னவா இருக்கும்?"

"கல்லா இருக்கலாம். சும்மா புண்ணா இருக்கலாம். சாய வேலை செஞ்சவங்களுக்கு மூத்திரப்பையில வர்ற வேற எதுவாவும் இருக்கலாம். பட்டை பேர் சொல்லாது, கதவைத்தான் தட்டும். பெரிய ஆஸ்பத்திரியில உள்ள குழாய் விட்டுப் பார்க்கணும். நாளைக்கே போகணும்."

"சரி."

"என்னை முட்டாளாக்கிட்டீங்க ஐயா." அவள் டப்பாவைத் தள்ளி வைத்தாள். "ராத்திரியெல்லாம் உங்க சர்க்கரையை நினைச்சுட்டுப் படுத்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, தனியா இருக்கு, வந்துட்டுப் போன்னு?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பொய் சொல்லாமல் இருந்ததற்கு அவர் மனசுக்குள் நன்றி சொன்னார். அவளுக்கும் பட்டியல் இருக்கிறது; பட்டியலில் நோய்க்குத்தான் இடம். தனிமைக்கு எந்தப் பட்டையில் கட்டம் இருக்கிறது?

அவள் போன் அடித்தது. "வரேன், கொஞ்சம் லேட்டாகும்" என்று சொல்லி வைத்தாள்.

"யாரு, கடிக்கிற கிழவியா?"

"ஆமா. வாசல்லயே உக்காந்திருக்காம்."

"அப்ப நீ கிளம்பும்மா" என்றார் சாயக்காரர். அவளிடம் இந்த வார்த்தையை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. "வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். நீ போ."

"போறேன். அதுக்கு முன்னாடி பையனுக்குப் போன் போடுங்க. நாளைக்குக் கூட ஆள் வேணும். தனியா அனுப்ப மாட்டேன்."

"வேலை நேரம். திங்கக்கிழமை வேற. அவனுக்கு ஆயிரம் இருக்கும்."

நர்ஸம்மா அவர் மனைவியின் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பட்டைகளும் ஜன்னல் விளிம்பில் கிடந்தன. நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கட்டங்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று கறுத்து, இனி எந்த அட்டவணையோடும் ஒத்துப்போகாத நிறத்துக்குப் போய்விட்டன. அவள் அவற்றை எடுத்துப் போடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

சாயக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பொத்தான்களில் கறுப்பு ரேகை பதிந்தது. மணி ரொம்ப நேரம் அடித்தது.

"என்னப்பா, இந்த நேரத்துல? சுகரா?"

"சுகர் இல்லப்பா."

"இல்லையா? கசியறது நின்னுடுச்சா?"

"அது எப்பவுமே இல்லப்பா."

"அப்பாடா!" மகன் விட்ட பெருமூச்சு போனில் காற்றாக வந்து காதில் மோதியது. "பயந்தே போய்ட்டேன். ரொம்ப நல்ல சேதிப்பா. சரி, எனக்கு இங்க ஆளுங்க நிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை பேசறேன், வெச்சிடட்டுமா?"

'சரிப்பா' என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சாயக்காரர் ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சிடாதடா" என்றார். "இரு. இன்னும் ரெண்டு நிமிஷம் இரு."